அம்மை, செள்ளு, கழிச்சல்: மூன்றும் சேர்ந்த கோழிக்கு எதை முதலில் பார்ப்பது?

வீட்டுக் கோழிக்கு நோய் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. கொண்டையில் அம்மைக் கொப்புளம் கண்ட கோழியைத் தூக்கிப் பார்த்தால், இறக்கைக்கு அடியில் செள்ளு ஊரும். பின்புறம் எச்சம் அப்பியிருக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் பதறி எல்லா மருந்தையும் ஒரே நாளில் கொடுத்துவிடுகிறார்கள். இளைத்த உடம்பு அதைத் தாங்காது. தோலில் வரும் அம்மை மட்டும் கோழியைக் கொல்வது குறைவு. கண்ணிமை வீங்கி மூடிக்கொள்ள, இரை தெரியாமல் பட்டினி கிடந்து சாவதுதான் நடக்கிறது. ஆகவே வரிசை முக்கியம்.

1. பிரித்து வையுங்கள். காற்று அடிக்காத மூலையில் பஞ்சாரம் போட்டுக் கவிழ்த்து, மேலே கொசுவலை போர்த்துங்கள். அம்மையைக் கொசுவும் பரப்பும். நோய்க் கோழியைக் கடைசியில் கவனித்துவிட்டுக் கையைக் கழுவுங்கள்.

பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்துத் திருகி, அடுத்தடுத்துக் கோழிகள் செத்தால் அது ராணிக்கேட் என்னும் வைரஸ் கொள்ளைநோயாக இருக்கலாம். கைவைத்தியத்தை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரை அழையுங்கள். அந்தக் கோழிகளை விற்காதீர்கள்.

2. தண்ணீர், பிறகு இரை. மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொடியைப் பொட்டலத்தில் உள்ள அளவுப்படி கரைத்து, அலகு நுனியை அதில் நனைத்துக் காட்டுங்கள். வாயைப் பிளந்து ஊற்றவே கூடாது. நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழாய் வாய் திறந்திருக்கிறது; நீர் அதில் இறங்கிவிடும். குடிக்கத் தொடங்கியதும் குழைந்த கம்பஞ்சோறு, அவித்த முட்டை. கண் தெரியாத கோழிக்கு உருண்டையாக ஊட்டுங்கள். மறுநாள் காலையில் கழுத்தடி இரைப்பையைத் தடவிப் பாருங்கள். காலியாக இருக்க வேண்டும். கல்லாகவோ தண்ணீர்ப் பையாகவோ இருந்தால் மேற்கொண்டு ஊட்டாமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

3. கண். கொதித்து ஆறிய ஒரு தம்ளர் நீரில் கால் தேக்கரண்டி உப்பு போட்டு, பஞ்சில் நனைத்து இமையை ஒற்றியெடுங்கள். பொருக்கைப் பிய்க்காதீர்கள், இரத்தம் வரும், கிருமியும் பரவும். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்த விழுதைக் கொண்டையில் மட்டும் தடவலாம். அம்மை வைரஸ் நோய். ஆன்டிபயாட்டிக் அதைத் தொடாது. புண்ணில் சீழ் வைத்தால்தான் அதற்கு வேலை, அதுவும் மருத்துவர் சொன்னால். வாய்க்குள் மஞ்சள் படலம் தெரிந்து மூச்சு இழுத்தால் காத்திருக்க வேண்டாம்.

4. செள்ளு. கோழி தானாக இரை எடுத்த பிறகு இதைத் தொடுங்கள். குளிப்பாட்டினால் குளிரில் சுருண்டுவிடும். வேப்பெண்ணெயைத் தேங்காயெண்ணெயில் கலந்து இறக்கையடியில் மெல்லத் தொட்டுவையுங்கள். உண்மையான வேலை கூண்டில் இருக்கிறது: இடுக்குகளில் கொதிநீர் ஊற்றி, காய்ந்ததும் சுண்ணாம்பு அடியுங்கள். ஒரு வாரத்தில் மறுபடியும் செய்யுங்கள், செள்ளின் முட்டைகள் பொரித்திருக்கும்.

5. குடற்புழு நீக்கம் கடைசி. மார்பெலும்பின் மேல் சதை பிடிக்கத் தொடங்கிய பிறகு, எடைக்கேற்ற அளவை மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாது என்பதையும் அப்போதே கேளுங்கள்.

பொருக்கு உதிர 3, 4 வாரம் ஆகலாம். உதிர்ந்ததைக் கூட்டி எரித்துவிடுங்கள். பிறகு இருட்டியதும் மற்றவற்றோடு அடையுங்கள்; பகலில் விட்டால் கொத்தி விரட்டும்.