நண்டுக்குச் சரி, புளிக்குழம்புக்கு வேண்டாம்

கப்பலில் வேலை பார்க்கும் மச்சான் போன லீவில் தங்கச்சிமடம் வந்தபோது ஒரு பாட்டில் கெவுர்ஸ்ட்ராமினர் கொண்டுவந்தார். பிரான்சின் அல்சாஸ் பகுதியில் செய்த வெள்ளை ஒயின். ஊற்றினால் பொன்மஞ்சள் நிறம்.

"வெயில்ல கெட்டுப்போச்சு போல மச்சான்" என்றேன். என் முதல் தவறு அது. இந்த ஒயினைச் செய்யும் திராட்சையின் தோலே இளஞ்சிவப்பு. மற்ற வெள்ளை ஒயின்களைவிட நிறம் சற்று அழுத்தமாகத்தான் இருக்கும்.

பெயரிலும் ஏமாறலாம். ஜெர்மன் மொழியில் 'கெவுர்ஸ்' என்றால் மசாலா. 'ட்ராமின்' வட இத்தாலியில் ஒரு ஊர். மசாலா என்றதும் காரத்தைத் தேடாதீர்கள். ரோஜாவும் லிச்சிப் பழமும் சேர்ந்த வாசம்தான் வரும். லிச்சியில் உள்ள ரோஸ் ஆக்சைடு என்ற வாசப்பொருள் இதிலும் இருக்கிறது. வாசம் இப்படி இருப்பதால் ருசியும் தித்திக்கும் என்று நம்பிவிட வேண்டாம், இனிப்பில்லாமலும் செய்கிறார்கள். சர்பத் மாதிரி மடக்மடக்கென்று குடிப்பதும் ஆபத்து. ஆல்கஹால் 13, 14 சதவீதம் வரை சாதாரணமாக இருக்கும்.

நாங்கள் செய்த பெரிய தப்பு சாப்பாட்டில். அன்றைக்கு வீட்டில் சீலா மீன் புளிக்குழம்பு. இந்த ஒயினில் புளிப்பு குறைவு. புளியும் மிளகாயும் ஏறிய நாக்கில் வாசம் எடுபடவில்லை, சப்பென்று இருந்தது. ஆல்கஹால் சேர்ந்து எரிச்சல் மட்டும் மிஞ்சியது. மறுநாள் பாம்பனில் வாங்கிய நண்டை, மிளகாய் குறைத்து, இஞ்சி தட்டிப்போட்டு, தேங்காய்ப்பாலில் செய்தார் அக்கா. நண்டின் தித்திப்புக்கும் தேங்காய்ப்பாலுக்கும் அப்படிப் பொருந்தியது!

ஐஸ் கட்டி போடவே போடாதீர்கள். அதற்காக உறையும் அளவுக்குக் குளிர வைத்தாலும் வாசம் மடங்கிவிடும். 8 முதல் 10 டிகிரி போதும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வைத்தால் நம்மூர் வெயில் மீதியைப் பார்த்துக்கொள்ளும். டம்ளரை விளிம்பு வரை நிரப்பினால் வாசம் தங்க இடமிருக்காது. கண்ணாடி கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றுங்கள்.

அப்புறம், பழசானால் ருசி கூடும் என்று பரணில் போட்டுவைப்பதும் தப்பு. இதில் பெரும்பாலானவை சில வருடங்களுக்குள் குடிக்க வேண்டியவை. ஓட்டுக்கூரைக்கடியில் சித்திரை வெயிலை அவை தாங்காது. திறந்ததில் மீதி இருந்தால் கார்க்கை அடைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள், இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் நண்டு முடியும் முன்பே பாட்டில் முடிந்துவிட்டது.