கடலோர வளவில் பற்றரிப் புல்வெட்டி

திருகோணமலை உப்புவெளியில் கடற்கரையை ஒட்டிய ஒரு விருந்தினர் விடுதியின் வளவை நான்தான் பராமரிக்கிறேன். புல்தரை, தென்னைகள், மிச்சமெல்லாம் மணல். புல்வெட்டும் பெற்றோல் மெஷின் காலையில் போடுகிற சத்தத்துக்கு விருந்தினர் எழும்பிவிடுவார்கள். பற்றரிக்கு மாறியபின் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் இங்கே வெயிலும் உப்புக்காற்றும் மணலும் சேர்ந்து பற்றரியைச் சீக்கிரம் தின்றுவிடும். புதுப் பற்றரியின் விலையோ நெஞ்சைப் பிடிக்க வைக்கும். ஆகவே இருப்பதைக் காப்பாற்றும் வழியைச் சொல்கிறேன்.

முதலில் வாங்குவது. வோல்ட்டை மட்டும் பார்க்காமல் அதை ஆம்பியர் மணியால் பெருக்குங்கள். 36 வோல்ட், 4 ஆம்பியர் மணி என்றால் 144 வாட் மணி. எவ்வளவு நேரம் ஓடும் என்பதை அந்தக் கணக்குத்தான் சொல்லும். பெட்டியில் 40 வோல்ட் என்று இருந்தால் அது பெரும்பாலும் 36தான், சார்ஜ் நிறைந்த நேரத்து அளவைப் போட்டிருப்பார்கள். பிளேட்டை மூடியிருக்கும் கூடு இரும்பில் வேண்டாம், உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்கும். பிளாஸ்ரிக் போதும்.

கனடாவிலிருந்து அண்ணாவோ மாமாவோ அனுப்புகிறார்கள் என்றால் சார்ஜரின் அடியில் எழுதியிருப்பதை வாசியுங்கள். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் செருகவே கூடாது. 100 முதல் 240 வரை என்றிருந்தால் பிளக்கை மாற்றினால் சரி. லண்டன், அவுஸ்திரேலியா சார்ஜர்களில் இந்தப் பிரச்சினை இல்லை. உதிரிப் பற்றரியை விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுவரலாம். 100 வாட் மணியைத் தாண்டினால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும்; 160ஐத் தாண்டினால் ஏற்றமாட்டார்கள்.

இனி பிளேட். பற்றரி சீக்கிரம் இறங்குகிறது என்று என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: பிளேட்டைக் கடைசியாக எப்போது தீட்டினீர்கள்? நம் மணல் பிளேட்டை அரைத்து மழுக்கிவிடும். மழுங்கிய பிளேட் புல்லைக் கிழிக்கும், நுனி பழுப்பாகும், மோட்டர் கூடுதலாக இழுக்கும், பற்றரி சூடேறும். தீட்டுமுன் பற்றரியையும் பாதுகாப்புச் சாவியையும் கழற்றிவிடுங்கள். இதில் சமரசமே வேண்டாம். மெஷினைச் சரித்து, பிளேட் சுழலாமல் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து நட்டைக் கழற்றுங்கள். எந்தப் பக்கம் கீழே இருந்தது என்று பெயின்றால் ஒரு புள்ளி வையுங்கள். வைஸில் இறுக்கி, பழைய சரிவிலேயே அரத்தால் ஒரே திசையில் இழுங்கள். கிரைண்டர் வேகமானது, ஆனால் இரும்பு நீலம் பாரிக்கும்வரை சூடானால் பதம் போய்விடும், அதனால் நான் அரத்தைத்தான் நம்புகிறேன். சவரக் கத்திக் கூர் தேவையில்லை. இரண்டு முனையிலும் ஒரே அளவு தீட்டிவிட்டு, நடுத் துவாரத்தை ஓர் ஆணியில் மாட்டிப் பாருங்கள். தாழ்கிற பக்கத்தை இன்னும் கொஞ்சம் அராவுங்கள். சமனில்லாத பிளேட் அதிர்ந்து அதிர்ந்து மோட்டரின் பேரிங்கைக் கெடுத்துவிடும்.

வெட்டுமுன் குரும்பட்டி, மட்டைத்துண்டு, கல் எல்லாவற்றையும் பொறுக்கிவிடுங்கள். ஒரே தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். மாரி முடிந்து முழங்கால் அளவு வளர்ந்திருந்தால் முதலில் வெட்டும் உயரத்தைக் கூட்டி வைத்து வெட்டி, சில நாள் விட்டு இறக்குங்கள். பனி காய்ந்தபின், வெயில் ஏறுமுன் வெட்டுவதே நல்லது. ஈரப்புல் அடியில் கட்டியாக ஒட்டும். பிரட்றிக் கோட்டைப் பக்கம் வீடென்றால் மான்களே புல்லை மேய்ந்து குட்டையாக்கிவிடும். அங்கே உயரத்தைக் கூட்டியே வையுங்கள்.

வெட்டி முடிந்ததும் பற்றரியை உடனே சார்ஜில் போடாதீர்கள். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் அது கொதித்துப்போய் இருக்கும். தொட்டால் சூடு தெரியாத வரை நிழலில் ஆறட்டும். தகரக் கூரைக் கொட்டிலிலும் வைக்க வேண்டாம், வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். மாரியில் வாரக்கணக்காக மெஷின் சும்மா கிடக்கும்போது பற்றரியை நிறைத்தும் வைக்காதீர்கள், காலியாகவும் விடாதீர்கள். பற்றரியில் சார்ஜ் அளவைக் காட்டும் நான்கு விளக்கில் இரண்டு எரிந்தால் போதும், இடையிடையே பார்த்துக்கொள்ளுங்கள்.

உப்புக்கு மருந்து உலர்ந்த துணி. பற்றரியும் மெஷினும் தொடும் செப்புத் தகடுகளைத் துடையுங்கள். பச்சை படிந்திருந்தால் பஞ்சில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்து, முழுதும் காய்ந்தபின்தான் மாட்டுங்கள். அடிப்பக்கத்தை தட்டையான மரத்துண்டால் சுரண்டுங்கள், ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடிக்க வேண்டாம்.

உப்பிய பற்றரி, விழுந்து கீறல் விட்ட பற்றரி இரண்டையும் மறுபடி சார்ஜ் செய்யாதீர்கள். திறந்து பார்க்கவும் வேண்டாம். எரியக்கூடிய பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாமல் வெளியே வைத்துவிட்டு, இலத்திரனியல் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். குப்பையோடு சேர்த்து எரித்தால் வெடிக்கும்.