மின்னலும் நைட்ரஜன் ஆக்சைடும்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“மின்னல் காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கி மழையோடு மண்ணில் இறக்குகிறது” என்ற வரி பாடக் குறிப்புகளில் அடிக்கடி வருகிறது. அது பொய்யன்று, ஆனால் இடையிலுள்ள படிகளை எல்லாம் விழுங்கிவிடுவதால், அதை நம்பி மேலே எழுதுபவர் வரிசையாகப் பிழை செய்ய நேர்கிறது.

முதல் பிழை வெப்பநிலையைப் பற்றியது. மின்னல் பாதை ஏறத்தாழ 30,000 கெல்வின் வரை சூடாவதால் நைட்ரிக் ஆக்சைடு உண்டாகிறது என்று எழுதிவிடுகிறோம். அந்த உச்சத்தில் மூலக்கூறு எதுவும் நிலைப்பதில்லை. நைட்ரஜனும் ஆக்சிஜனும் அணுக்களாகவும் அயனிகளாகவும் சிதறிக் கிடக்கின்றன. பாதை குளிர்ந்து சில ஆயிரம் கெல்வினுக்கு இறங்கும்போதுதான், ஆக்சிஜன் அணு நைட்ரஜன் மூலக்கூறைத் தாக்கி நைட்ரிக் ஆக்சைடையும் ஒரு நைட்ரஜன் அணுவையும் தருகிறது. அந்த அணு ஆக்சிஜன் மூலக்கூறோடு சேர்ந்து மற்றொரு நைட்ரிக் ஆக்சைடைத் தருகிறது. செல்டோவிச் வினைத்தொடர் என்று வழங்குவது இதுவே. காற்று மெதுவாகக் குளிர்ந்தால் உண்டானதில் பெரும்பகுதி பழையபடி நைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் திரும்பிவிடும். மில்லி நொடிகளில் குளிர்வதால் திரும்ப நேரமின்றி ஒரு பங்கு தங்கிவிடுகிறது. 1905-இல் நார்வேயின் நோட்டோடனில் மின்வில் எனப்படும் தொடர் மின்பொறியைக் கொண்டு காற்றிலிருந்து உரம் செய்த ஆலையும் இந்த விரைவுக் குளிர்ச்சியையே நம்பியிருந்தது. அங்கே வெளிவந்த வாயுவில் நைட்ரிக் ஆக்சைடு ஓரிரு சதவீதம் மட்டுமே.

பெயர்க் குழப்பம் சிறியது, ஆனால் விடாப்பிடியானது. சிரிப்பூட்டும் வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு இந்தக் கணக்கில் சேராது. நைட்ரிக் ஆக்சைடும் நைட்ரஜன் டை ஆக்சைடும் மட்டுமே இங்கே பேசப்படுபவை.

அளவுகளை எழுதும்போது அலகைப் பார்க்க வேண்டும். உலகில் நொடிக்குச் சுமார் 45 மின்னல்கள் என்று செயற்கைக்கோள் கணிப்புகள் சொல்கின்றன. ஒரு மின்னலுக்குச் சராசரியாக 250 மோல் நைட்ரிக் ஆக்சைடு என்று கொண்டால், அதிலுள்ள நைட்ரஜனின் எடை மட்டும் மூன்றரைக் கிலோ. ஆண்டு முழுவதற்கும் பெருக்கினால் 50 லட்சம் டன் வருகிறது. 20 முதல் 80 லட்சம் டன் வரை என்ற, ஆய்வாளர்கள் பரவலாகக் கொள்ளும் வரம்பின் நடுவில் அது அமைகிறது. அதே அளவை நைட்ரஜன் டை ஆக்சைடின் எடையாக எழுதினால் 160 லட்சம் டன்னைத் தாண்டும். இரண்டு மூலங்களிலிருந்து இரண்டு எண்களை எடுத்து, மின்னல் மும்மடங்காகிவிட்டது என்று முடிவுகட்டுவது இப்படித்தான் நேர்கிறது.

உரக் கதையையும் இந்த எண்ணை வைத்தே சோதிக்கலாம். 50 லட்சம் டன்னைப் புவிப்பரப்பு முழுவதும் சமமாகத் தூவினால் ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 40 கிராம் விழும். வெப்பமண்டல நிலப்பகுதிக்கு அதைப் பத்து மடங்காக்கினாலும் 400 கிராம்தான். 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றிலோ ஏறத்தாழ 20 கிலோ நைட்ரஜன் இருக்கிறது. இடிமழைக்குப் பின் பயிர் பச்சை பிடிப்பதற்கு முதலில் தண்ணீரைத்தான் காரணமாகச் சொல்ல வேண்டும்.

அப்படியானால் இது பொருட்படுத்தத் தகாதது என்று எதிர்ப்பக்கம் சாய்வதும் பிழை, என் பார்வையில் இதுவே பெரிய பிழை. மொத்த நைட்ரஜன் ஆக்சைடு உமிழ்வில் மின்னலின் பங்கு பத்தில் ஒன்று அளவுதான். ஆனால் வண்டிப் புகையில் வருவது தரையருகே பிறந்து பெரும்பாலும் ஒரு நாளுக்குள் நைட்ரிக் அமிலமாகிக் கழிந்துவிட, மின்னல் தருவதில் பெரும்பகுதி இடிமேகத்தின் ஏற்றக்காற்றில் எட்டுப் பத்துக் கிலோமீட்டர் உயரத்துக்குப் போய்ப் பல நாள் நிலைக்கிறது. மேகத்தின் அருகே புதிய நைட்ரிக் ஆக்சைடு முதலில் ஓசோனைத் தின்று நைட்ரஜன் டை ஆக்சைடாகிறது. பின்னர் பரவிச் செல்லும்போது, சூரிய ஒளி நைட்ரஜன் டை ஆக்சைடைப் பிளப்பதால் ஓசோன் பெருகுகிறது. அந்த உயரத்து ஓசோன் வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் வலுவானது. அதைக் கண்டு “மின்னல் புவியைச் சூடாக்குகிறது” என்று எழுதுபவர், இதே வேதியியல், காற்றிலுள்ள வாயுக்களைச் சிதைக்கும் ஹைட்ராக்சிலையும் (OH) கூட்டி, வெப்பத்தைப் பிடித்து வைக்கும் இன்னொரு வாயுவான மீத்தேனை விரைந்து அழிக்கிறது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.