மாங்காய் மண்டிக் கணக்கைக் கிரிஸ்ட்டிலும் என்8என்னிலும் அமைக்கும் முறை

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் காவேரிப்பட்டணத்திலும் போச்சம்பள்ளியிலும் மே மாதம் தொடங்கி மாங்காய் வரத்து பெருகும்போது, ஒரு சிறிய மண்டியின் கணக்கு பெரும்பாலும் மூன்று இடங்களில் பிரிந்து கிடக்கும். எடைச்சீட்டுக் கட்டு ஒன்று, முன்பணமும் பட்டுவாடாவும் எழுதிய நோட்டு ஒன்று, கணக்கு எழுதுபவரின் மடிக்கணினியில் எக்செல் கோப்பு ஒன்று. இவை மூன்றும் ஒத்துப்போகாத நாளில்தான் விவசாயி எதிரே வந்து நின்று பாக்கி எவ்வளவு என்று கேட்பார்.

இம்மூன்றையும் ஒரே இடத்தில் சேர்த்து, அன்றைய வரத்தின் சுருக்கம் மாலையில் முதலாளியின் கைப்பேசிக்குத் தானாகப் போய்ச் சேரும்படி செய்வதற்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மாதச் சந்தாவும் தேவையில்லை. உறவினர் ஒருவரின் மண்டியில் கிரிஸ்ட் என்ற அட்டவணை மென்பொருளையும் என்8என் என்ற தானியக்க மென்பொருளையும் கொண்டு நான் இதை அமைத்த முறையையும், அமைக்கும்போது செய்த பிழைகளையும் கீழே எழுதுகிறேன். தக்காளி மண்டிக்கும் பால் சேகரிப்பு நிலையத்துக்கும் இதே முறை பொருந்தும்.

கருவிகளைத் தேர்தல்

எக்செல் போன்ற தோற்றமும் உள்ளே உண்மையான தரவுத்தளமும் கொண்ட மென்பொருள்களில் பேஸ்ரோ, நோகோடிபி, கிரிஸ்ட் ஆகிய மூன்றும் நன்கு அறியப்பட்டவை. பல பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் பெரிய அலுவலகத்துக்கு, போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தின் மேல் இயங்கும் பேஸ்ரோ நல்ல தேர்வு. மண்டிக்கு நான் கிரிஸ்ட்டை எடுத்துக்கொண்டேன். அதில் ஓர் ஆவணம் என்பது ஒரே ஓர் எஸ்கியூலைட் கோப்பு, அதாவது முழுத் தரவுத்தளமும் அடங்கிய ஒற்றைக் கோப்பு. நாளை கிரிஸ்ட்டே இல்லாமல் போனாலும், எஸ்கியூலைட்டைத் திறக்கும் எந்த இலவசக் கருவியைக் கொண்டும் அந்தக் கோப்பைப் படித்துவிடலாம். கணக்குப் புத்தகத்துக்கு இதைவிடப் பெரிய தகுதி வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தானியக்கத்துக்கு என்8என். பெர்லினில் யான் ஓபர்ஹவுசர் 2019-இல் தொடங்கிய இதன் மூல நிரலை யாரும் பார்க்கலாம், சொந்தத் தொழிலுக்குக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். ஆனால் இதையே சேவையாக்கிப் பிறருக்கு விற்க உரிமம் இடம் தருவதில்லை. எனவே கண்டிப்பான பொருளில் இது திறமூல மென்பொருள் அன்று. மண்டிக்கு அந்த வரம்பு தடையாக இருக்காது. முழுமையான திறமூலமே வேண்டும் என்பவர்கள், ஐபிஎம்மில் 2013-இல் உருவாகி அப்பாச்சி என்ற திறமூல உரிமத்தில் கிடைக்கும் நோட்-ரெட் என்ற தானியக்கக் கருவியைப் பார்க்கலாம்.

அட்டவணைகளை முதலில் தாளில் வரைதல்

கணினியைத் தொடும் முன் ஒரு முழு நாளைத் தாளுக்கு ஒதுக்க வேண்டும். ஒரு செய்தியை ஓரிடத்தில் மட்டுமே எழுத வேண்டும் என்பதுதான் இங்குள்ள ஒரே விதி. விவசாயியின் ஊரும் கைப்பேசி எண்ணும் விவசாயிகள் அட்டவணையில் மட்டும் இருக்க வேண்டும். வரத்து அட்டவணையில் அவரைச் சுட்டும் இணைப்பு மட்டும் இருந்தால் போதும். கிரிஸ்ட்டில் இதற்கென ரெஃபரன்ஸ் என்ற நெடுவரிசை வகை இருக்கிறது. எங்களுக்குத் தேவைப்பட்டவை விவசாயிகள், ரகங்கள், நாள்விலை, வரத்து, பணம் ஆகிய ஐந்து அட்டவணைகள் மட்டுமே.

விவசாயியைப் பெயரால் அடையாளம் காண முயல்வது வீண். மாதையன், முனியப்பன், கோவிந்தன் என்ற பெயர்களில் இப்பகுதியில் ஊருக்குப் பலர் இருப்பார்கள். கைப்பேசி எண்ணையும் நம்ப முடியாது. அப்பாவும் சித்தப்பாவும் மகனுடைய ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். மண்டியே ஒரு வரிசை எண் கொடுத்து, அதை எடைச்சீட்டின் மூலையிலும் எழுதச் செய்வதே நிலையான வழி.

வரத்து அட்டவணையில் நாள், விவசாயி, ரகம், வண்டியோடு சேர்ந்த எடை, வெறும் வண்டியின் எடை, கழிவு விழுக்காடு ஆகியவற்றை மட்டும் கையால் நிரப்ப வேண்டும்; மற்றவை சூத்திரத்தால் வர வேண்டும். எடுத்துக்காட்டாக, சுமையோடு 3,840 கிலோவும் வெறும் வண்டி 1,620 கிலோவும் இருந்தால் சரக்கு 2,220 கிலோ. 2 விழுக்காடு கழிவு போக 2,175.6 கிலோ, கிலோ 12 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 26,107 ரூபாய் 20 காசு. கிரிஸ்ட்டின் சூத்திரங்கள் பைத்தான் மொழியில் எழுதப்படுபவை என்றாலும், இந்த அளவுக்குக் கழித்தல், பெருக்கல் குறிகளே போதும். நெடுவரிசையின் தலைப்பு தமிழில் இருக்கட்டும். சூத்திரத்திலும் என்8என்னிலும் பயன்படும் உள்பெயரை மட்டும் ஆங்கில எழுத்துகளில் தனியாகக் கொடுத்துவிட்டால் பின்னால் குழப்பம் வராது.

விலையில்தான் நான் வழுக்கினேன். பெங்களூரா ரக மாங்காயின் அன்றைய விலையை நாள்விலை அட்டவணையிலிருந்து எடுத்துவரும் சாதாரணச் சூத்திரம் ஒன்றை வரத்து அட்டவணையில் எழுதியிருந்தேன். ஒரு வாரம் கழித்து யாரோ பழைய விலை ஒன்றைத் திருத்த, பணம் கொடுத்து முடித்த கணக்குகளின் தொகையெல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் மாறிவிட்டது. சூத்திரம் என்பது எப்போதும் இன்றைய நிலையையே காட்டும். தீர்ந்த கணக்கு அன்றைய நிலையில் உறைந்திருக்க வேண்டும். இதற்குக் கிரிஸ்ட்டில் டிரிகர் ஃபார்முலா என்ற வசதி உண்டு. புதிய வரிசை உருவாகும்போதும், அந்த வரிசையில் ரகம் மாற்றப்படும்போதும் மட்டும் விலையை எடுத்து எழுதி, பிறகு அதைத் தொடாமல் விட்டுவிடும்படி அதை அமைக்கலாம். பணம், எடை, விலை ஆகியவற்றைக் கையாளும் எந்தத் தரவுத்தளத்திலும் இந்த வேறுபாட்டை முதல் நாளிலேயே தீர்மானித்துவிட வேண்டும்.

எடை மேடையில் நிற்பவருக்கு முழு அட்டவணையையும் காட்டத் தேவையில்லை. கிரிஸ்ட்டிலேயே ஒரு படிவம் அமைத்து, அதன் இணைப்பை அவருடைய கைப்பேசியில் சேமித்துக் கொடுத்தால் போதும்.

நிறுவுதல்

4 ஜிபி நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸையும், மென்பொருள்களைத் தனித்தனி உறைகளில் இயக்கும் டாக்கரையும் நிறுவினேன். மின்சாரம் போனால் மடிக்கணினியின் மின்கலமே யுபிஎஸ் ஆகிவிடுவதால், மேசைக் கணினியைவிட இது மேல். இரண்டு மென்பொருள்களையும் ஒரே டாக்கர் கம்போஸ் கோப்பில் (எவற்றை எப்படி இயக்க வேண்டும் என்ற பட்டியல்) எழுதி, கணினி மீண்டும் இயங்கத் தொடங்கியதும் இவையும் தாமாக எழும்படி ரீஸ்டார்ட் அமைப்பைக் குறிப்பிட வேண்டும். கிரிஸ்ட் 8484 என்ற போர்ட்டிலும் (கணினியின் முகவரியோடு சேரும் வாசல் எண்) என்8என் 5678 என்ற போர்ட்டிலும் கிடைக்கும். தரவு சேமிக்கப்படும் கோப்புறைகளை டாக்கருக்கு வெளியே, கணினியின் வட்டில் வைக்க மறக்கக் கூடாது. மறந்தால் அடுத்த புதுப்பித்தலில் பருவத்தின் கணக்கு முழுவதும் போய்விடும்.

என்8என்னிலிருந்து கிரிஸ்ட்டைத் தொடும்போது முகவரியில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால் இணைப்பு கிடைக்காது. டாக்கருக்குள் ஒவ்வொரு மென்பொருளும் தனி வீடு. லோக்கல்ஹோஸ்ட் என்றால் அது தன்னையே குறிக்கும். கம்போஸ் கோப்பில் கிரிஸ்ட்டுக்குக் கொடுத்த பெயரையே முகவரியாகத் தர வேண்டும்.

வெளியிலிருந்து பார்க்க வசதியாக இருக்கும் என்று ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உள்நுழைவு முறையைச் சரியாக அமைக்காத கிரிஸ்ட்டை, முகவரி தெரிந்த எவரும் திறந்துவிட முடியும்; அதில் விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண்களும் இருக்கின்றன. மண்டியின் வைஃபைக்குள் மட்டும் வைத்திருப்பதே போதும். மிகவும் தேவையென்றால் வயர்கார்டு போன்ற, பூட்டிய தனிவழியை (விபிஎன்) அமைத்துக்கொள்ளலாம்.

மாலைச் சுருக்கம்

என்8என்னில் முதலில் அமைக்க வேண்டியது படிப்பது மட்டும் செய்யும் ஒரு பணி. கணக்கில் எழுதும் உரிமையைத் தானியக்கத்துக்குக் கொடுப்பதை ஒரு பருவம் கழித்து யோசிக்கலாம். மாலை 7 மணிக்குத் தொடங்கும் ஷெட்யூல் டிரிகர், கிரிஸ்ட்டிலிருந்து வரிசைகளைப் படிக்கும் நோடு (ஒரு வேலையை மட்டும் செய்யும் கட்டம்), இன்றைய நாளை மட்டும் வடிகட்டும் நோடு, ரகவாரியாகக் கூட்டும் நோடு, டெலிகிராமில் அனுப்பும் நோடு என்று ஐந்து கண்ணிகள் போதும். டெலிகிராமில் பாட்ஃபாதர் என்ற கணக்கிடம் கேட்டால் ஒரு பாட் (தானாகச் செய்தி அனுப்பும் கணக்கு), அதற்கான டோக்கன் (கடவுச்சொல் போன்ற சாவி) ஆகியவை இலவசமாகக் கிடைக்கும். பாட் தானாக யாரிடமும் முதலில் பேச முடியாது என்பதால், முதலாளி ஒரு முறை அதைத் திறந்து ஸ்டார்ட் அழுத்த வேண்டும்.

நேர மண்டலத்தை அமைக்காவிட்டால் என்8என் நியூயார்க் நேரத்தை எடுத்துக்கொள்ளும். எங்களுக்கு முதல் சுருக்கம் மாலை 7 மணிக்கு வரவில்லை. மறுநாள் அதிகாலை 4.30 மணிக்கு வந்தது. அந்நேரத்தில் கைப்பேசி ஒலித்ததும் முதலாளி லாரி கவிழ்ந்துவிட்டதாக நினைத்து எழுந்தார். கம்போஸ் கோப்பில் ஆசியா கொல்கத்தா என்று நேர மண்டலத்தைக் குறிப்பிட்டால் இது தீரும். நாள் வகை நெடுவரிசையைக் கிரிஸ்ட் வெளியே தரும்போது 1970-லிருந்து எண்ணப்பட்ட நொடிகளாகத் தருவதும் வடிகட்டலைக் குழப்பும். ஆண்டு, மாதம், நாள் என்று எழுத்தாக மாற்றும் சூத்திர நெடுவரிசை ஒன்றைக் கிரிஸ்ட்டிலேயே வைத்து, அதை ஒப்பிடுவது எளிது.

இவற்றைவிடக் கவனிக்க வேண்டியது மௌனம். கணக்கு எழுதுபவர் வராவிட்டால் நாற்காலி காலியாக இருப்பது கண்ணில் படும். தானியக்கம் வராவிட்டால் எதுவும் கண்ணில் படாது. வடிகட்டிய பின் ஒரு வரிசையும் மிஞ்சாத நாளில் என்8என் அடுத்த நோடுகளை இயக்காமலே நின்றுவிடும். செய்தி வராததற்குக் காரணம் வரத்து இல்லாததா, கணினி நின்றதா என்று முதலாளிக்குத் தெரியாது. ஆகவே அந்த வடிகட்டும் கண்ணியின் அமைப்பில் ஆல்வேஸ் அவுட்புட் டேட்டா என்ற தேர்வை இயக்கி, வரிசை இல்லாத நாளிலும் ‘இன்று வரத்து இல்லை’ என்ற செய்தி போகும்படி செய்ய வேண்டும். பிறகு, எந்த நாள் மாலையில் செய்தி வரவில்லையோ அன்று கோளாறு என்று பொருள். எர்ரர் டிரிகர் கொண்ட தனிப் பணி ஒன்றையும் அமைத்து, மாலைப் பணி தவறினால் அது செய்தி அனுப்பும்படி இணைக்கலாம். ஆனால் கணினியே அணைந்திருந்தால் அதுவும் பேசாது என்பதால், தினச் செய்தியின் இடத்தை அது நிரப்பாது.

விவசாயிகளுக்கும் தானாகக் குறுஞ்செய்தி அனுப்பலாமே என்று அடுத்த வாரமே கேட்பார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறைகளின்படி அனுப்புநர் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் முன்பே பதிவு செய்யாமல் வணிகக் குறுஞ்செய்தி அனுப்ப முடியாது. வாட்ஸ்அப்பிலும் வணிக நிறுவனம் முதலில் தொடங்கும் செய்திக்கு ஒப்புதல் பெற்ற வாசகம் வேண்டும், கட்டணமும் உண்டு. முதல் பருவத்தில் எடைச்சீட்டின் நகலே போதும் என்பது என் கருத்து.

காப்பு நகல்

ஒவ்வொரு இரவும் கிரிஸ்ட்டின் தரவிறக்க வசதி மூலம் கோப்பை எடுத்துப் பென்டிரைவில் போட வேண்டும். மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கும்போது கோப்பை நேரடியாக நகலெடுத்தால் அது பழுதாகலாம். வாரம் ஒருமுறை அந்த நகலை வேறொரு கணினியில் திறந்து, கடைசி வண்டியின் எடையை எடைச்சீட்டோடு ஒப்பிட வேண்டும். முதல் பருவம் முழுவதும் பழைய நோட்டையும் உடன் எழுதிவரச் செய்து, சனிக்கிழமைதோறும் இரண்டின் பாக்கிப் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்த்தோம்.

என்8என்னின் பணிகளை ஏற்றுமதி செய்து வைப்பதோடு வேலை முடிவதில்லை. அதில் சேமித்த டோக்கன்களும் சாவிகளும் ஒரு மறைகுறிச் சாவியால் பூட்டப்பட்டுள்ளன. அந்தச் சாவி தொலைந்தால் ஒவ்வொரு இணைப்பையும் மீண்டும் முதலிலிருந்து கொடுக்க வேண்டியிருக்கும். நாங்கள் அதைத் தாளில் எழுதி, தோப்புக் குத்தகைப் பத்திரங்களோடு கல்லாப்பெட்டியின் அடித்தட்டில் வைத்திருக்கிறோம்.