நிதிப் பொறியியல் முதுமாணி: இடம் கிடைக்குமா என்று நாமே கணக்குப் போடுவது எப்படி?

உயர்தரப் பெறுபேறு வந்ததும் இஸட் புள்ளியைப் பார்ப்போம். அப்புறம் நுவரெலியாவுக்கோ பதுளைக்கோ அந்த வருட வெட்டுப்புள்ளி எவ்வளவு என்று தேடுவோம். மேலே இருந்தால் கம்பஸ், கீழே இருந்தால் இன்னொரு தடவை பரீட்சை. இந்தப் பழக்கத்தில் வளர்ந்த பிள்ளைகள் வெளிநாட்டு முதுமாணிக்கு விண்ணப்பிக்கும்போதும் அதையே தேடுகிறார்கள். "ஜீபீஏ 3.5, ஜிஆர்ஈ 166, கிடைக்குமா சேர்?" என்று (ஜீபீஏ என்பது பட்டப்படிப்பின் சராசரித் தரப்புள்ளி, ஜிஆர்ஈ என்பது பட்டமேற்படிப்பு அனுமதிக்கான பொதுப் பரீட்சை) என்னிடம் கேட்பவர்களுக்கு முதலில் சொல்வது இதுதான்: அங்கே வெட்டுப்புள்ளி இல்லை, மாவட்ட ஒதுக்கீடும் இல்லை. ஒரு குழு உங்கள் கோப்பைத் திறந்து முழுசாக வாசிக்கும். ஆனாலும் வாய்ப்பை ஓரளவுக்குக் கணிக்கலாம். ஒரு தாளும் கல்குலேட்டரும் போதும்.

பங்கு, கடன் பத்திரம், ஒப்ஷன் (ஒன்றைக் குறித்த விலையில் பின்னர் வாங்கவோ விற்கவோ தரும் உரிமை) போன்றவற்றுக்கு விலை கணிப்பதையும் அவற்றின் ஆபத்தை அளப்பதையும் கணிதமும் கணினியும் கொண்டு செய்வதுதான் நிதிப் பொறியியல். ஒப்ஷன் விலையைக் கணிக்க 1973 இல் வெளிவந்த பிளாக்–ஷோல்ஸ் சமன்பாடு இதன் அடித்தளங்களில் ஒன்று. தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள், இந்தப் படிப்புக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறும். பெர்க்லி, கொலம்பியா, நியூயோர்க்கின் பரூக் கல்லூரி ஆகியவற்றில் நிதிப் பொறியியல். கார்னகி மெலனில் கணினிசார் நிதியியல். நியூயோர்க் பல்கலைக்கழகத்தின் கூரண்ட் நிறுவனத்தில் நிதியியலில் கணிதம். பிரின்ஸ்டனில் வெறுமனே நிதியியல் முதுமாணி. ஒரே பெயரில் தேடினால் பாதியைத் தவறவிடுவீர்கள்.

படி 1: கோப்பை வாசிப்பவர் எதைத் தேடுகிறார்?

இரண்டு கேள்விகள். முதல் வாரத்திலிருந்தே வரும் கணிதத்தை இவர் தாங்குவாரா? ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ கழித்து இவருக்கு வேலை கிடைக்குமா?

இரண்டாவதை நம் பிள்ளைகள் நினைத்துப் பார்ப்பதே இல்லை. படிப்பு முடித்தவர்களில் எத்தனை பேர், எங்கே, எவ்வளவு சம்பளத்தில் சேர்ந்தார்கள் என்பதைப் பல பல்கலைக்கழகங்கள் வெளியிடுகின்றன. தரவரிசையில் மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும் பெரும்பாலும் அந்த எண்களால்தான். அமெரிக்காவில் இந்தப் படிப்புகளில் அநேகமானவை ஸ்டெம் (விஞ்ஞானம், தொழினுட்பம், பொறியியல், கணிதம்) வகைக்குள் வருவதால், வெளிநாட்டு மாணவர் முடித்த பின் 36 மாதம் வரை அங்கே வேலை செய்ய வழி உண்டு. அதனால் நேர்முகத்தில் திக்காமல் பேசுவாரா, நிரல் எழுதத் தெரியுமா, எந்த வேலை வேண்டும் என்பதில் தெளிவு இருக்கிறதா என்று சேர்க்கும்போதே எடைபோடுகிறார்கள்.

படி 2: உங்கள் ட்ரான்ஸ்கிரிப்டைத் திரும்ப எழுதுங்கள்

அதிக நேரம் கொடுக்க வேண்டியது இந்தப் படிக்குத்தான். தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் அவர்கள் கேட்பவை: பல மாறி நுண்கணிதம், நேரியல் அட்சரகணிதம், வகையீட்டுச் சமன்பாடுகள் (முடிந்தால் பகுதி வகையீட்டுச் சமன்பாடுகளும்), நிகழ்தகவு, புள்ளிவிபரவியல், எண்சார் முறைகள், நிரலாக்கம். வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் நேரே நீங்கள் எடுத்த பாடநெறியும் பெற்ற தரமும். உயர்தர இணைந்த கணிதத்தில் ஏ எடுத்ததை இங்கே எழுதாதீர்கள். அதை யாரும் கேட்கவில்லை.

வெற்றிடம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பொறியியல் பட்டதாரிகளுக்குப் பெரும்பாலும் நிகழ்தகவில் விழும். நுண்கணிதத்தை மூன்று பருவம் படித்திருப்பார்கள், நிகழ்தகவை மட்டும் புள்ளிவிபரவியலோடு சேர்த்து அரைப் பாடமாக முடித்திருப்பார்கள். முகாமைத்துவம், வணிகம் படித்தவர்களுக்குத் தாளின் மேல்பாதியே காலி. கணினி விஞ்ஞானக்காரர்களுக்கு வகையீட்டுச் சமன்பாடு இருக்காது.

நம் பல்கலைக்கழகங்களுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. ட்ரான்ஸ்கிரிப்டில் ஒரு பாடக் குறியீடும் 'கணிதம் 3' என்ற மாதிரி ஒரு தலைப்பும் மட்டும் இருந்தால், கார்னகி மெலன் இருக்கும் பிட்ஸ்பர்க்கில் இருந்து வாசிப்பவருக்கு உள்ளே என்ன இருந்தது என்று எப்படித் தெரியும்? பீடத்தின் கைநூலை எடுத்து, ஒவ்வொரு பாடத்திலும் படித்த தலைப்புகளையும் பயன்படுத்திய பாடநூலையும் ஒரே பக்கத்தில் தொகுத்து வையுங்கள். விண்ணப்பத்திலேயே அதற்குப் பெட்டி வைத்திருக்கும் இடங்களும் உண்டு.

ஜீபீஏயும் அப்படித்தான். இங்கே 3.70 எடுத்தால் முதல் வகுப்பு, 3.30 எடுத்தால் இரண்டாம் வகுப்பு மேல்நிலை. அமெரிக்காவில் 3.4 என்பது சாதாரணமாகத் தெரியலாம். பட்ச்சில் எத்தனையாவது என்று விரிவுரையாளர் தன் கடிதத்தில் எழுதினால்தான் அந்த எண்ணுக்கு உயிர் வரும். 'ஒழுக்கமான மாணவர், எல்லோருடனும் அன்பாகப் பழகுவார்' என்ற கடிதத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. தொழிற்சங்கத் தலைவரும் கோயில் பரிபாலன சபைத் தலைவரும் கையெழுத்திட்ட கடிதங்களை இணைக்கவா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஊரில் அவற்றுக்கு மதிப்பு உண்டு, இந்தக் கோப்பில் வேண்டாம்.

படி 3: பரீட்சைகள்

ஜிஆர்ஈ கணிதப் பகுதிக்கு 170 தான் உச்சம். பெரிய பெயருள்ள இடங்களில் வகுப்புச் சராசரியே 167க்கும் 170க்கும் இடையில் நிற்கும். ஆகவே 168 எடுத்தால் நீங்கள் தனித்துத் தெரியமாட்டீர்கள், 160 எடுத்தால் தெரிவீர்கள், கெட்ட விதமாக. புள்ளி ஐந்து வருடம் செல்லுபடியாகும் என்பதால் கம்பஸ் இறுதி வருடத்திலேயே எழுதிவிடலாம். ஆங்கிலப் பரீட்சையான ஐஈஎல்டிஎஸ் இரண்டு வருடம்தான், அதைப் பிந்தி எழுதுங்கள். ஜிஆர்ஈயை வீட்டிலிருந்தும் எழுத முடியும். ஆனால் மழைக்காலத்தில் மின்சாரமும் சிக்னலும் மாறி மாறிப் போகும் தோட்டத்தில் இருந்துகொண்டு அந்தப் பரீட்சைக்கு உட்கார வேண்டாம் என்பேன். கொழும்பில் ஓர் இரவு தங்கி எழுதுவது நல்லது.

படி 4: இப்போது கணக்கு

விண்ணப்பித்த 100 பேரில் 15 பேருக்கு இடம் கொடுக்கும் ஒரு படிப்பை எடுத்துக்கொள்வோம். கிடைப்பதற்கும் கிடைக்காததற்கும் உள்ள விகிதம் 15:85, அதாவது 0.176. உங்களைப் பற்றி எதுவுமே தெரியாதபோது இதுதான் தொடக்கம்.

அடுத்து, உங்களிடம் உள்ள ஒவ்வொரு விடயத்துக்கும் ஒரு பெருக்கி. கேள்வி இதுதான்: இடம் கிடைத்தவர்களில் எத்தனை வீதமானோரிடம் இது இருந்திருக்கும், கிடைக்காதவர்களில் எத்தனை வீதமானோரிடம் இருந்திருக்கும்? முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் பெருக்கி வரும். 60ஐ 30ஆல் வகுத்தால் 2. நிகழ்தகவு படித்தவர்களுக்கு இது பேயிஸ் தேற்றம் என்று புரிந்திருக்கும்.

கற்பனையாக ஒரு ஹட்டன் தம்பி. பேராதனையில் பொறியியல், முதல் வகுப்பு, கணிதப் பாடங்கள் எல்லாம் ஏ: பெருக்கி 2. நிகழ்தகவில் பீ மைனஸ்: 0.7. நிரல் மொழிகளில் பைதன் கொஞ்சம் தெரியும், சி பிளஸ் பிளஸ் தெரியாது: 0.8. ஜிஆர்ஈ 168: எல்லோரிடமும் இருப்பதால் 1. இந்த எண்கள் என் ஊகம், நீங்கள் உங்களுடையதைப் போடலாம்.

0.176 × 2 × 0.7 × 0.8 = சுமார் 0.198. இதைத் திரும்ப நிகழ்தகவாக்க, 0.198ஐ 1.198ஆல் வகுக்க வேண்டும். 16.5 வீதம் வரும்.

முதல் வகுப்பு வைத்திருக்கும் பிள்ளை, எதுவுமே தெரியாத ஒருவருக்குச் சொன்ன 15 வீதத்தில் இருந்து ஒரு அடிகூட நகரவில்லை! அவருக்கு இது கசக்கும். ஆனால் எந்த வரி அவரைக் கீழே இழுக்கிறது என்று இப்போது கண்ணுக்குத் தெரிகிறது. நிகழ்தகவை மறுபடி ஒழுங்காகப் படித்து ஒரு சான்றிதழோடு வந்தால் 0.7 என்பது 1 ஆகும். சி பிளஸ் பிளஸ்ஸில் ஒப்ஷன் விலை கணிக்கும் ஒரு சின்ன நிரலாவது எழுதிக் காட்டினால் 0.8 என்பது 1.2 ஆகும். திரும்பப் போடுங்கள்: 0.176 × 2 × 1.2 = 0.42, கிட்டத்தட்ட 30 வீதம். ஜிஆர்ஈயை 168இல் இருந்து 170 ஆக்கப் போராடினால் இதில் கால்வாசியும் கிடைக்காது.

ஒரு எச்சரிக்கை. ஒரே விடயத்தை இரண்டு தடவை பெருக்காதீர்கள். 'முதல் வகுப்பு' என்று ஒரு 2, 'கணிதத்தில் ஏ' என்று இன்னொரு 2 போட்டால் உங்களை நீங்களே ஏமாற்றுகிறீர்கள், முதல் வகுப்பே அந்த ஏக்களால் வந்ததுதான்.

இனி ஒரு பதுளைத் தங்கச்சி. வணிகப் பிரிவு, நிதியியலில் முதல் வகுப்பு, வங்கியில் இரண்டு வருட வேலை, சீஎஃப்ஏ (முதலீட்டு ஆய்வாளர்களுக்கான சர்வதேசத் தொழில்தகைமை) முதல் கட்டம் சித்தி. ஆனால் பல்கலைக்கழக மட்டத்தில் நுண்கணிதமே இல்லை. கணிதத்துக்குப் பெருக்கி 0.1, வேலைக்கும் சீஎஃப்ஏக்கும் சேர்த்துத் தாராளமாக 1.3. கணக்கு 2 வீதத்தில் வந்து நிற்கும். சீஎஃப்ஏ மதிப்பான தகைமைதான், கணிதம் இல்லாத குறையை அது நிரப்பாது. இவர் இந்த வருடம் விண்ணப்பிக்கவே கூடாது. திறந்த பல்கலைக்கழகத்தின் கண்டி பிராந்திய நிலையத்தில் கணிதப் பாடங்களைத் தனியாக எடுத்துத் தரச் சான்று பெற வழி உண்டா என்று முதலில் விசாரிக்கட்டும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் இணையத்தில் தரும் இலவசப் பாடங்கள், குறிப்பாகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்ட்ராங்கின் நேரியல் அட்சரகணிதம், படிப்பதற்கு அருமை. ஆனால் அதில் தரம் போட்ட தாள் கிடைக்காது. பரூக் கல்லூரியோடு சேர்ந்து குவாண்ட்நெட் என்ற இணையத்தளம் நடத்தும் சி பிளஸ் பிளஸ் பாடத்துக்குக் காசு கட்ட வேண்டும், சான்றிதழ் உண்டு, குழுக்களுக்கும் அது பரிச்சயம். அல்லது நிதியியலையே மையமாக வைத்த முதுமாணிகளைப் பார்க்கலாம், அங்கே அவருடைய வங்கி அனுபவம் எடுபடும்.

படி 5: ஆறு இடத்துக்குப் போட்டால்?

ஒவ்வொன்றிலும் 15 வீதம், ஆறு இடம். எல்லாவற்றிலும் நிராகரிக்கப்படும் வாய்ப்பு 0.85இன் ஆறாம் வலு, 0.377. அப்படியானால் ஒன்றாவது கிடைக்க 62 வீதம் என்று சந்தோஷப்படத் தோன்றும். பிழை. ஆறு நிகழ்வுகளும் சுயாதீனமானவை என்றால்தான் அந்தப் பெருக்கல் செல்லும். ஆறு குழுவும் வாசிப்பது ஒரே கோப்பை, ஒரே பீ மைனஸை. ஒருவர் அதற்காக நிராகரித்தால் மற்றவரும் நிராகரிக்கவே வாய்ப்பு அதிகம். உண்மை 15க்கும் 62க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. அமெரிக்க வீட்டுக்கடன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் முறியாது என்று நம்பி விலை போட்ட பத்திரங்கள் 2008 நெருக்கடியில் என்ன பாடுபட்டன என்று படித்திருப்பீர்கள். இந்தத் துறைக்கு விண்ணப்பிப்பவர் அதே தவறைத் தன் விண்ணப்பத்திலேயே செய்யலாமா?

அதனால் ஆறும் நியூயோர்க்காக இருக்க வேண்டாம். பார்வை வேறுபடும் இடங்களாகப் பிரியுங்கள். பிரித்தானியாவில் ஒக்ஸ்போர்ட், இம்பீரியல், சிங்கப்பூரில் தேசிய பல்கலைக்கழகமும் நன்யாங்கும், கனடாவில் டொரொண்டோ, வாட்டர்லூ. பிரித்தானியாவில் நமக்கு ஒரு சின்ன வசதி உண்டு: நம் வகுப்பு முறை அங்கிருந்து வந்ததுதான், 'இரண்டாம் வகுப்பு மேல்நிலை' என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை.

படி 6: காசு

விண்ணப்பக் கட்டணம் பல அமெரிக்க இடங்களில் 100 டொலர் அளவில். டொலர் 300 ரூபா என்று வைத்தால் 30,000 ரூபா. 2024 இல் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் அது 22 நாள் கொழுந்து. ஜிஆர்ஈக்கு 220 டொலர் வேறு. ஆகவே 2 வீத வாய்ப்புள்ள இடத்துக்கு 'சும்மா போட்டுப் பார்ப்போம்' என்று அம்மாவின் காசை அனுப்பாதீர்கள். கட்டண விலக்கு உண்டா என்று மின்னஞ்சல் போட்டுக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

பல தனியார் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கற்கைக் கட்டணம் மட்டுமே 80,000 டொலரைத் தாண்டும், புலமைப்பரிசில் குறைவு. பரூக் அரச கல்லூரி என்பதால் அங்கே கட்டணம் வெகுவாகக் குறைவு, அதனாலேயே போட்டி கடுமை. இடம் கிடைக்கும் வாய்ப்பைப் பணம் கிடைக்கும் வாய்ப்பால் பெருக்கினால் வருவதுதான் நீங்கள் உண்மையில் போய்ச் சேரும் வாய்ப்பு. பிரித்தானியாவின் ஒரு வருட முதுமாணிக்குப் பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசில் உண்டு, 2,800 மணித்தியால வேலை அனுபவம் கேட்பார்கள், முடித்ததும் நாடு திரும்பி இரண்டு வருடமாவது இங்கே இருக்க வேண்டும். பதுளைத் தங்கச்சியின் இரண்டு வருட வங்கி வேலை இங்கேதான் கைகொடுக்கும். வழியே இல்லையென்றால், வேர்ல்ட்குவாண்ட் பல்கலைக்கழகம் நிதிப் பொறியியல் முதுமாணியை இணையவழியில் கட்டணமின்றி நடத்துகிறது. அங்கே பட்டத்தை விட, உங்களுக்கு இந்தப் படிப்பு ஒத்துவருமா என்று செலவில்லாமல் தெரிந்துகொள்ளலாம் என்பது பெரிய லாபம்.

படி 7: கட்டுரையும் நேர்முகமும்

லயத்துக் காம்பராவில் வளர்ந்த கதையை எழுதலாமா என்று கேட்பார்கள். எழுதுங்கள், ஒரு பந்திக்கு மேல் வேண்டாம். மிச்ச இடம் என்ன கணக்கைப் போட்டீர்கள், எந்த வேலைக்குப் போகப் போகிறீர்கள் என்பதற்கு.

நேர்முகத்தில் நிகழ்தகவுக் கேள்விகள் வரும். ஒரு தாயக்கட்டையில் 6 விழும்வரை எறிந்தால் சராசரியாக எத்தனை எறிகை? 6. தொடர்ந்து இரண்டு 6 விழும்வரை? 36 என்று வாயில் வந்தால் நில்லுங்கள், விடை 42. ஏன் என்று வாய்விட்டு விளக்கும் வரை பழகுங்கள். அவர்கள் கேட்க விரும்புவது அந்த விளக்கத்தைத்தான்.

பல படிப்புகள் இரண்டு மூன்று சுற்றுகளாக ஆட்களை எடுக்கின்றன. கடைசிச் சுற்றில் மிஞ்சும் இடம் குறைவு, விசாவுக்கான நேரமும் குறைவு. நம் பல்கலைக்கழகங்களில் முத்திரையிட்ட ட்ரான்ஸ்கிரிப்ட் எடுக்க அலைய வேண்டியிருக்கும். அதற்கான விண்ணப்பத்தை இந்த வாரமே கொடுத்து வையுங்கள், பெருக்கிகளை அப்புறம் சரிபார்க்கலாம்.