மூன்று ஆன்டெனா வைத்து விமானத்தின் சாய்வை அளப்பது எப்படி

முதலில் ஒரு மீட்டர் நீளமுள்ள அலுமினியச் சட்டம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விமானத்தின் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். ஜிபிஎஸ் கொண்டு ஆட்டிட்யூட் (விமானம் எந்தப் பக்கம், எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது) அளக்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். தரையில் சட்டத்தின் மேல் வராத கணக்கு வானத்தில் வந்து நான் பார்த்ததே இல்லை.

சட்டத்தின் இரு முனைகளிலும் ஒரே மாடல் ஆன்டெனாவைப் பொருத்துங்கள். செயற்கைக்கோள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், அதன் அலை இரண்டு ஆன்டெனாவுக்கும் ஒரே திசையிலிருந்து வருவதாகவே வைத்துக்கொள்ளலாம். சட்டம் சாய்ந்தால் ஒரு முனை செயற்கைக்கோளுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும். அந்தக் கொஞ்சத்தைத்தான் அளக்கப் போகிறோம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் அனுப்பும் எல்1 என்ற அலையின் நீளம் 19 சென்டிமீட்டர். அதில் நூறில் ஒரு பங்கை, அதாவது ஏறக்குறைய 2 மில்லிமீட்டரை, நல்ல ரிசீவர் அளந்துவிடும். அதனால் வெறும் இடத்தை மட்டும் சொல்லும் ரிசீவர் உதவாது. கேரியர் அலையின் (செய்தியைச் சுமந்து வரும் அடிப்படை அலையின்) கட்டத்தை, அதாவது ஒரு முழு அலையில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை, அப்படியே வெளியே தருவதாக இருக்க வேண்டும்.

ஒரு மீட்டர் சட்டத்தில் 5 மில்லிமீட்டர் பிழை வந்தால் கோணத்தில் 0.3 டிகிரி தவறும். மூன்று மீட்டராக்கினால் அது 0.1 டிகிரியாகக் குறையும். அதற்காக முதல் நாளே நீளத்தைக் கூட்டாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

பொருத்தும்போது ஒன்றைக் கண்டிப்பாகக் கவனியுங்கள்: இரண்டு ஆன்டெனாவிலும் கேபிள் வெளிவரும் பக்கம் ஒரே திசையில் இருக்க வேண்டும். ஆன்டெனா அலையைப் பிடிக்கும் புள்ளி அதன் நட்டநடுவில் இருப்பதில்லை, சில மில்லிமீட்டர் தள்ளி இருக்கும். இரண்டும் ஒரே பக்கம் பார்த்தால் அந்தத் தள்ளல் கழிந்துவிடும், எதிரெதிராக வைத்தால் இரட்டிப்பாகும். ஒருமுறை டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவி வைத்துக் குறித்த கோட்டோடு ஒப்பிட்டபோது எனக்கு எப்போதும் 0.3 டிகிரி வித்தியாசம் வந்துகொண்டே இருந்தது. இரண்டு நாள் நிரலை வரி வரியாகத் தேடினேன். மூன்றாம் நாள் சட்டத்தருகே குனிந்து பார்த்தபோதுதான் ஒரு கேபிள் இடப்பக்கமும் மற்றது வலப்பக்கமும் போவது கண்ணில் பட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஆன்டெனாவிலும் பெயின்டால் ஓர் அம்புக்குறி போட்டுவிடுகிறேன்.

சரி, இப்போது கஷ்டமான இடம். ரிசீவர் அலையின் மீதியைத்தான் சொல்லும், எத்தனை முழு அலை என்று சொல்லாது. ஒரு மீட்டர் சட்டத்தில் ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் அந்த எண் −5 முதல் +5 வரை எதுவாகவும் இருக்கலாம். சட்டம் நீளமானால் இந்தத் தேடலும் பெரிதாகும். 1990களில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட்டில் பீட்டர் டியூனிசன் உருவாக்கிய லாம்டா முறை இதை அழகாகத் தீர்க்கிறது, அதையே பயன்படுத்துங்கள். சட்டத்தின் நீளம் நமக்குத் தெரியுமே, அதையும் தேடலிலேயே சேர்த்துவிடலாமே என்று தோன்றும். தொடக்கத்தில் சேர்க்காதீர்கள் என்பேன். நீளத்தைச் சாட்சியாக வெளியே வைத்திருங்கள். கணக்கு முடிந்ததும் 1.00 மீட்டர் வந்தால் நம்பலாம், 1.13 வந்தால் எங்கோ ஒரு முழு எண் தவறு.

அப்புறம் மூன்றாவது ஆன்டெனா. இரண்டு மட்டும் இருந்தால், சட்டம் தன் அச்சிலேயே உருண்டாலும் தெரியாது. உடற்பகுதி நெடுக இரண்டு வைத்தால் ஹெடிங்கும் (மூக்கு நோக்கும் திசை) பிட்ச்சும் (மூக்கு மேலே கீழே சாய்வது) வரும், ரோல் (இறக்கைகள் பக்கவாட்டில் சாய்வது) வராது. அந்தக் கோட்டை விட்டு விலகி மூன்றாவதை வைக்க வேண்டும். இதில் இன்னொரு லாபமும் உண்டு: ஒரே செயற்கைக்கோளை ஆதாரமாக வைத்து இரட்டை வித்தியாசம் எடுத்தால் (இரண்டு ஆன்டெனாவுக்கு இடையே ஒருமுறை, இரண்டு செயற்கைக்கோளுக்கு இடையே ஒருமுறை கழித்தால்), முக்கோணத்தின் மூன்று பக்கங்களையும் சுற்றி வரும்போது முழு எண்களின் கூட்டல் பூச்சியம் ஆக வேண்டும். இதைவிட மலிவான சோதனை எனக்குத் தெரியாது.

விமானத்தில் இறக்கை நுனியில் வைக்க ஆசை வரும், தூரம் அதிகம் கிடைக்குமே. ஆனால் பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளையும். இரு நுனிகளும் ஒரே அளவு உயர்ந்தால் ரோல் கெடாது. ஆனால் வால் ஆன்டெனாவோடு சேர்த்துப் பிட்ச் எடுத்தால் அந்த வளைவு முழுக்க அதில் ஏறிவிடும். வளைவையும் கணக்கில் ஒரு மாறியாகச் சேருங்கள், இல்லையென்றால் உடற்பகுதியிலேயே வையுங்கள்.

திரும்பும்போது உயர்ந்த இறக்கைப் பக்கத்துச் செயற்கைக்கோள்கள் மறையும். தாழ்ந்த பக்கத்தில் தரையில் பட்டுத் திரும்பும் அலைகள் நுழையும். சிக்னல் அறுந்து முழு எண் தொலைந்துபோகும் நேரம் அதுதான். அங்கே ஜைரோ (சுழற்சியை உணரும் கருவி) துணை வேண்டும். அது விலை உயர்ந்ததாக இருக்கத் தேவையில்லை. கோணத்தை 2 டிகிரிக்குள் சொன்னால், ஒரு மீட்டருக்கு அது 3.5 சென்டிமீட்டர்தான். இரட்டை வித்தியாசத்தில் மிக மோசமாகப் போனாலும் 7. அரை அலை 9.5 சென்டிமீட்டர் என்பதால் பக்கத்து முழு எண்ணுக்கு முழுமைப்படுத்தினாலே சரியான எண் திரும்பக் கிடைத்துவிடும். அப்படிக் கிடைத்த எண்ணையும் முக்கோணக் கூட்டலில் ஒருமுறை ஓட்டிவிட்டே பதிவில் ஏற்றுங்கள்.