சம்பா நெல்லுக்கு வானிலை அறிவிப்பைப் பயன்படுத்தும் முறை

ரகம் தேர்வு செய்ய இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வடகிழக்குப் பருவமழைக் கணிப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். அது செப்டம்பர் கடைசியை ஒட்டித்தான் வரும். டெல்டாவில் நீண்டகால ரகத்துக்கு ஆகஸ்டிலேயே நாற்று விட்டாக வேண்டும். ரகத்தை மேட்டூர் நீர்மட்டத்தையும் (முழு அளவு 120 அடி) நிலத்தின் மேடுபள்ளத்தையும் பார்த்து முடிவு செய்யுங்கள். வருடந்தோறும் தண்ணீர் தேங்கும் பள்ளத்துக்கு வெள்ளம் தாங்கும் ரகமான சிஆர் 1009 சப் 1. தூர் கட்டும் பருவத்தில் பத்து நாள் மூழ்கினாலும் மீளும். பூத்தபின் மூழ்கினால் அதுவும் தாங்காது. தண்ணீர் வரத்து சந்தேகமென்றால் நாற்றங்காலை விட்டு நேரடி விதைப்புக்குப் போய்விடலாம்.

பருவக் கணிப்பில் ‘இயல்பைவிட அதிகம்’ என்பது மூன்று மாத மொத்தம். அத்தனையும் நவம்பரில் கொட்டிவிட்டு, கதிர் வரும் நேரத்தில் வயல் காயலாம்.

வியாழன்தோறும் வரும் நான்கு வாரக் கணிப்பில் முதல் இரண்டு வாரத்தை வைத்து நடவு, வடிகால் தூர்வாரல், அறுவடை இயந்திரம் ஆகியவற்றைத் திட்டமிடலாம். பின்னிரண்டு வாரம் போக்கைக் காட்டும், அவ்வளவுதான்.

அன்றாட வேலைக்குச் செவ்வாய், வெள்ளியில் வரும் வேளாண் வானிலை அறிக்கை. மேகதூத் செயலியில் தமிழிலேயே கிடைக்கும். கனமழை என்றால் 64.5 முதல் 115.5 மி.மீ.; அதற்குமேல் 204.4 வரை மிக கனமழை. ஏக்கரில் 1 மி.மீ. பெய்தால் சுமார் 4,000 லிட்டர். 100 மி.மீ. என்றால் நான்கு லட்சம் லிட்டர் உங்கள் மடை வழியே, மேல்வயல் தண்ணீரோடு சேர்ந்து, வடிய வேண்டும். ஆரஞ்சு எச்சரிக்கை வந்த அன்றே மடையைத் திறந்து வயலில் நிற்பதை வடித்துவிடுங்கள். சிவப்புக்குக் காத்திருந்தால் வாய்க்கால் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். இன்னொன்று: மழை அளவு காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை. இன்று சொல்லும் அளவில் பெரும்பகுதி நேற்றைய மழை.

கனமழை அறிவிப்பு இருக்கும்போது மேலுரம் (நட்டபின் பயிருக்கு இடும் உரம்) வேண்டாம். மூழ்கிய வயலில் முழுதும் வடித்த பிறகே ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு கலந்து ஓர் இரவு வைத்து, 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுங்கள். தண்ணீர் நிற்கும்போதே போட்டால் காசு வடிகாலில் போகும்.

மழையில்லா வாரங்கள் தெரிந்தால் காய்ச்சலும் பாய்ச்சலுமாக, மண்ணில் மயிரிழை வெடிப்பு கண்டதும் தண்ணீர் கட்டுங்கள். பூக்கும் தருணத்தில் மட்டும் காயவிடக் கூடாது. இருக்கிற தண்ணீரை அதற்கென்று ஒதுக்கி வையுங்கள்.